புகைப்படத்திலிருந்து அளவுப்படம் வரைதல்

நம் அங்கத்தினர்களில் கைப்பேசி இல்லாதவர் இன்று அரியர். வெளியூரில் ஒரு நல்ல தறியைக் கண்டாலும், உறவினர் வீட்டில் ஒரு பழைய நெற்பத்தாயத்தைக் கண்டாலும், உடனே அதைப் படம் பிடித்துக் கொள்கிறோம். ஊர் திரும்பியதும் அப்படத்தைத் தச்சரிடம் காட்டி, "இதே மாதிரி ஒன்று செய்து கொடுங்கள்" என்று கேட்கிறோம். தச்சரும் கைதேர்ந்தவர், மரமும் நல்ல மரம். ஆயினும் செய்து முடித்த பொருள் சில வேளைகளில் பொருந்துவதில்லை. அதற்குக் காரணம் என்ன, அதைத் தவிர்ப்பது எங்ஙனம் என்பதே இப்பாடத்தின் பொருள்.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், எனக்கு நன்கு தெரிந்த சங்கம் ஒன்றில், அங்கத்தினர் ஒருவர் வெளியூர்த் தறி ஒன்றை எதிரே நின்று படம் பிடித்து வந்தார். படமரத்தின் நீளத்தை மட்டும் நாடாவால் அளந்து குறித்து வந்திருந்தார். அந்த ஓர் அளவை வைத்துக்கொண்டு, கணினியில் முழுத் தறிக்கும் அளவுப்படம் வரைந்து கொடுத்தவன் நான். அச்சைத் தாங்கி முன்னும் பின்னும் ஆடும் சட்டத்தில், அச்சு அமரும் இடம் 50 அங்குலம் என்று என் படம் காட்டிற்று. அவ்வாறே தச்சரும் அறுத்தார். வாங்கி வைத்திருந்த அச்சோ 55 அங்குலம். அது உள்ளே நுழையவில்லை. தேக்கு மரம் வீணாயிற்று. மாற்றுச் சட்டம் வரும்வரை அந்நெசவாளர் மூன்று வாரம் கூலியின்றி இருந்தார்.

ஐந்து அங்குலம் எங்கே போயிற்று? படம் பிடித்தவர் படமரத்திலிருந்து 10 அடி தொலைவில் நின்றிருந்தார். அச்சுச் சட்டம் படமரத்திற்கு ஓரடி பின்னால் இருக்கிறது. அதாவது அவரிடமிருந்து 11 அடி. கண்ணாயினும் சரி, காமிராவாயினும் சரி, தொலைவு கூடக் கூடப் பொருள் அதே விகிதத்தில் சிறுத்துத் தெரியும். 10 அடியிலுள்ள பொருளின் அளவை வைத்து 11 அடியிலுள்ள பொருளை அளந்தால், பதினொன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். 55இல் பதினொன்றில் ஒரு பங்கு ஐந்து. கணக்கு சரியாகவே இருந்தது. கணக்குப் போட்டவன்தான் தறிக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டு உண்டு என்பதை மறந்துபோனான்.

புகைப்படம் வடிவத்தைத் தரும், அளவைத் தராது. அளவை நாம்தான் அதனுள் வைக்க வேண்டும். அதுவும் எந்தத் தளத்தில் வைத்தோமோ, அந்தத் தளத்திற்கு மட்டுமே அது செல்லும். இந்த ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் கைப்பழக்கம்.

அளவுப்படம் நமக்குப் புதிதன்று. நிலம் உடையவர் ஒவ்வொருவரும் தம் வயலின் புலப்படத்தைப் பார்த்திருப்பர். சர்வேயர் சங்கிலி பிடித்து ஒரு கோடு இழுத்து, அக்கோட்டிலிருந்து வரப்பு வளையும் இடங்களுக்கெல்லாம் குத்துக்கோடுகள் அளந்து, யாவற்றையும் ஒரே விகிதத்தில் சுருக்கித் தாளில் வரைந்தது அது. நெசவாளருக்கோ கட்டத்தாள் கைவந்த பொருள்: குறுக்கே ஒரு கட்டம் பாவிழை, நெடுக்கே ஒரு கட்டம் ஊடையிழை. கரையில் ஓடும் கொடியை அக்கட்டங்களில் நிரப்பத் தெரிந்தவருக்கு, ஒரு பத்தாயத்தைக் கட்டங்களில் நிரப்புவது கடினமாகாது.

புகைப்படத்தால் அளக்கும் இவ்வித்தை பிறந்த கதையும் அறியத்தக்கது. 1858ஆம் ஆண்டில் ஆல்பிரெக்ட் மெய்டன்பாவர் என்னும் இளம் ஜெர்மானியக் கட்டடக் கலைஞர், வெட்ஸ்லார் நகரத்துப் பெரிய தேவாலயத்தை அளக்க நியமிக்கப்பட்டார். உயரத்தில் ஏறி அளக்கும்போது தவறி விழ இருந்து, மயிரிழையில் உயிர் தப்பினார். ஏறி அளப்பதற்குப் பதிலாகக் கீழே நின்று படம் பிடித்து அளந்தால் என்ன என்ற எண்ணம் அப்போது அவருக்கு உதித்தது. பின்னர் அதையே ஒரு துறையாக வளர்த்தார்; 1885இல் பெர்லினில் அதற்கென்றே அரசாங்க நிலையம் ஒன்றும் தோன்றிற்று.

அதே 1858ஆம் ஆண்டில், நம் தஞ்சையில் வேறொருவர் காமிராவுடன் நின்றார் என்பது வியப்பு. லின்னேயஸ் டிரைப் என்ற அவர் சென்னை மாகாண அரசாங்கத்தின் புகைப்படக்காரர். பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுக்களை, சுவரை ஒட்டி இடம் மாறி மாறி நின்று பகுதி பகுதியாகப் பிடித்து, 21 படங்களை ஒன்றோடொன்று ஒட்டி, 19 அடிக்கு மேல் நீண்ட ஒரே சுருளாக்கினார். சுவருக்கும் காமிராவுக்கும் உள்ள தொலைவு மாறாமல் பார்த்துக்கொண்டதால்தான் எழுத்துக்கள் ஒரே அளவில் வந்தன. ஒட்டும் இடங்களும் பொருந்தின. கண்ணாடியும் மெழுகுத் தாளும் சுமந்து திரிந்த காலத்தில் செய்த காரியம் இது. கையில் கைப்பேசியை வைத்துக்கொண்டு நாம் அந்தப் பொறுமையில் பாதியைக் காட்டினாலும் போதும்.

இனிப் பாடத்திற்கு வருவோம். பத்தாயத்தையே உதாரணமாகக் கொள்வோம். திருவாரூரைச் சுற்றியுள்ள ஊர்களில் பழைய ஓட்டு வீடுகள் பிரிக்கப்படும்போது, பத்தாயமும் பலகை பலகையாகப் பிரிந்து விறகுக்கோ பழைய மர வியாபாரிக்கோ போய்விடுகிறது. விதைநெல்லை எலிக்கும் ஈரத்துக்கும் எட்டாமல் வைக்க அதுபோல் ஒன்று வேண்டும் என்போர் இன்னும் உளர். ஆனால் கைக்கணக்கிலேயே அதைச் செய்து தரும் தச்சர் அருகிவிட்டனர். ஆகவே பிரிப்பதற்கு முன்பே அதைத் தாளில் இறக்கிவிட வேண்டும்.

படம் பிடிக்குமுன் பத்தாயத்தின் முகப்பில் இரண்டு பொருள்களை வையுங்கள். ஒன்று, 1 மீட்டர் நீளமுள்ள நேரான சட்டம். அதில் 10 சென்டிமீட்டருக்கு ஒரு பட்டையாகச் சிவப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றிப் பூசிக்கொள்ளலாம். அது முகப்புப் பலகையை ஒட்டியே இருக்க வேண்டும். முன்னால் தரையில் சாய்த்து வைத்தால் என் தறிக்கு நேர்ந்த கதிதான். மற்றொன்று, கொத்தனாரின் தூக்குக்குண்டு. மேல் விளிம்பிலிருந்து அதைத் தொங்கவிட்டால், படத்தில் எது உண்மையான செங்குத்து என்று தெரிந்துவிடும். பழைய பத்தாயங்கள் தரை இறங்கிச் சாய்ந்திருப்பது வழக்கம். சாய்ந்திருப்பது பத்தாயமா, படம் பிடித்தவரின் கையா என்பதைக் குண்டு சொல்லிவிடும்.

பின்னர் இயன்றவரை விலகி நில்லுங்கள். அருகில் நின்றால் முன்னே துருத்தும் பகுதி மிகையாகப் பெருத்துத் தெரியும். 3 மீட்டர் தொலைவில் நிற்கிறீர்கள்; முகப்பிலிருந்து 10 சென்டிமீட்டர் முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் பலகையின் நீளம் 120 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். படத்தில் அது 124 என்று காட்டும். 9 மீட்டருக்கு விலகி, காமிராவின் நெருக்கிக் காட்டும் வசதியை உபயோகித்தால், அதே பலகை 121 சொச்சம் காட்டும். கூடத்தில் அவ்வளவு இடமில்லையெனில், கதவைத் திறந்து முற்றத்திற்குப் போய் நின்று பிடிக்கலாம். கைப்பேசியின் அகல வில்லை படத்தின் ஓரங்களை வளைத்துக் காட்டும். ஆதலால் பொருள் படத்தின் நடுப்பகுதியிலேயே அடங்குமாறு பிடிப்பது நலம்.

காமிரா முகப்புக்கு நேராக இருக்கிறதா என்று அறிய ஓர் எளிய உபாயம் உண்டு. சிறு முகம்பார்க்கும் கண்ணாடி ஒன்றை முகப்பின் நடுவில் பலகையோடு பலகையாக ஒட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். அக்கண்ணாடியின் நடுவில் உங்கள் காமிராவின் கண்ணே தெரிந்தால் நீங்கள் நேராக நிற்கிறீர்கள். கூரை தெரிந்தாலோ, பக்கத்துச் சுவர் தெரிந்தாலோ இடம் மாற வேண்டும்.

படம் எடுத்தாயிற்று என்று திரும்பிவிடக் கூடாது. அகலம், உயரம், ஆழம், பலகையின் கனம், முகப்பின் இரு மூலைவிட்டங்கள் ஆகிய ஆறு அளவுகளை நாடாவால் அளந்து ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மூலைவிட்டங்கள் இரண்டும் சமமாக இருந்தால் முகப்பு சதுரித்து நிற்கிறது. இல்லையேல் காலப்போக்கில் கோணிவிட்டது. கோணலையும் சேர்த்து நகலெடுக்க நாம் விரும்பமாட்டோம் அன்றோ?

கணினியில் செய்வதைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஸ்கெட்ச்அப், ஃபிரீகேட், பிளெண்டர் என்று முப்பரிமாண உருவங்கள் வரையும் மென்பொருள்கள் பல உள்ளன. பின்னவை இரண்டும் விலையின்றிக் கிடைப்பவை. புகைப்படத்தை அதனுள் ஏற்றி, படத்திலுள்ள மீட்டர் சட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அளவுக் கருவியால் தொட்டு, "இது 100 சென்டிமீட்டர்" என்று கொடுத்தால், படம் முழுவதும் அதற்கேற்ப விரியும் அல்லது சுருங்கும். ஸ்கெட்ச்அப்பில் டேப் மெஷர் என்னும் கருவி இதற்கே உரியது; நீளத்தைத் தட்டச்சு செய்ததும், உருவம் முழுவதையும் மாற்றவா என்று கேட்கும். கணினி இல்லாதவரும் கையால் கணக்கிடலாம். சட்டம் படத்தில் 800 புள்ளி நீளமாக இருந்தால் ஒரு புள்ளி 1.25 மில்லிமீட்டர். பத்தாயத்தின் அகலம் 1,440 புள்ளியானால் 180 சென்டிமீட்டர். இனி உங்கள் சீட்டைப் பாருங்கள். நாடா 181 என்று சொன்னால் நலம். 188 என்று சொன்னால், வரைவதை நிறுத்திவிட்டு மீண்டும் படம் எடுக்கப் போங்கள். என் தறிப் படத்தில் இப்படி ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது அளவே என்னிடம் இல்லை.

அளவு சரியானபின் படத்தின்மேல் கோடுகளை இழுத்து முகப்பை வரைந்து, சீட்டிலுள்ள ஆழத்துக்கு அதைப் பின்னோக்கி இழுத்தால் பெட்டி உருவாகும். பத்தாயத்தின் அடுக்குகளை ஒவ்வொன்றாகத் தனி உறுப்பாக வரையுங்கள். ஓர் அடுக்கை வரைந்து அதையே மும்முறை ஒட்டிவிடும் சோம்பல் எல்லோருக்கும் வரும். ஆனால் அடுக்குகள் ஒரே உயரத்தில் இருக்குமென்று எண்ண வேண்டாம். கிடைத்த பலகைக்குத் தக்கபடி செய்தவை அவை. நெல் எடுக்கும் அடிவாயின் அடைப்பு உள்ளே எப்படிப் பொருந்துகிறது, மூலையில் பலகைகள் எப்படிக் கோத்திருக்கின்றன என்பதை எந்தப் புகைப்படமும் காட்டாது. அதைத் திறந்து, விரல்விட்டுப் பார்த்து, தனியே வரைய வேண்டும்.

முகப்பு மட்டுமின்றிப் பக்கமும் தெரியும்படி மூலையிலிருந்து எடுத்த படத்தைக்கொண்டும் வரையலாம். இருப்புப்பாதையில் நின்று பார்த்தால் தண்டவாளங்கள் இரண்டும் தொலைவில் ஒரு புள்ளியில் கூடுவதுபோல் தோன்றும். அதுபோலவே பெட்டியின் இணையான விளிம்புகள் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு புள்ளியை நோக்கி ஓடும். ஸ்கெட்ச்அப்பின் மேட்ச் ஃபோட்டோ என்னும் வசதியில் இரண்டு சிவப்புக் கோடுகளையும் இரண்டு பச்சைக் கோடுகளையும் அவ்விளிம்புகளின்மேல் பொருத்தினால், காமிரா எங்கே நின்றது என்பதை மென்பொருளே கணித்துக்கொள்ளும். பிளெண்டருக்கு எஃப்ஸ்பை என்னும் இலவசத் துணைக்கருவி இதையே செய்கிறது. இவ்வகைக்கு எடுக்கும் படத்தின் ஓரங்களை வெட்டக் கூடாது. படத்தின் நடுப்புள்ளியை வைத்தே அக்கணக்கு நடப்பதால், வெட்டிய படம் பொய் சொல்லும்.

உருண்டைப் பொருள்களுக்கு விளிம்பு இல்லை. குதிரை அளப்பது எப்படி? பாபநாசம் திருப்பாலைத்துறைக் கோயிலில், நாயக்கர் காலத்தில் செங்கல்லால் கட்டிய வட்டமான நெற்களஞ்சியம் ஒன்று உண்டு. அதன் உயரம் 36 அடி, அகலம் 86 அடி, 3,000 கலம் நெல் கொள்ளும் என்று பல இடங்களில் அச்சாகியிருக்கிறது. அகலம் 86 அடியானால், உயரத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் பரந்து கிடக்க வேண்டும். ஆனால் படத்தில் அது நிமிர்ந்து நிற்கும் குதிராகவே தோன்றுகிறது. நெல்லைக்கொண்டும் சோதித்துப் பார்க்கலாம். இரண்டு கலம் ஒரு மூட்டை என்பது நம் பக்கத்துக் கணக்கு. 1,500 மூட்டை என்றால் ஏறக்குறைய 90 டன். அதற்கு வேண்டிய இடம் சுமார் 5,500 கன அடி. 86 அடி விட்டமுள்ள தரையில் அதைக் கொட்டினால் ஓரடி உயரங்கூட நில்லாது! அந்த 86, சுற்றளவாகவே இருத்தல் வேண்டும். 22/7ஆல் வகுத்தால் விட்டம் 27 அடி 4 அங்குலம். இப்போது உயரமும் அகலமும் படத்தோடு ஒத்துவருகின்றன. நெல்லும் ஒன்பது பத்தடி உயரம் நிற்கும், சுவர்க் கனத்தைக் கழித்தால் இன்னும் மேலே ஏறும். அச்சில் நழுவிய ஒரு சொல்லைப் புகைப்படம் பிடித்துக் கொடுக்கும் என்பதற்காக இதைச் சொன்னேன்.

ஆயினும் உருளையின் விட்டத்தைப் படத்திலிருந்து எடுக்காதீர்கள். விட்டத்தைப்போல் இரு மடங்கு தொலைவில் நின்று பிடித்தாலும், உண்மையைவிட நூற்றுக்கு மூன்று பங்கு மிகுதியாகத் தெரியும். கயிற்றைச் சுற்றி அளந்துவிடுவதே மேல்.

அளவுகோல் வைக்காத பழைய படங்கள் சில வீட்டில் இருக்கும். பொருளோ இன்று இல்லை. அப்போது படத்துக்குள்ளேயே ஓர் அறிந்த அளவைத் தேட வேண்டும். அருகில் நிற்கும் ஆள் உதவமாட்டார். மனிதர் உயரத்தில் அரையடி வேறுபடுவது சாதாரணம். திருவாரூர்ச் சந்திப்பின் பழைய படமாயின், மீட்டர் பாதையின் தண்டவாளங்களுக்கு உள்ளிடைவெளி மிகச்சரியாக 1,000 மில்லிமீட்டர். அதைவிடச் சிறந்த அளவுகோல் கிடையாது. ஆனால் இன்றைய அகலப் பாதையின் 1,676 மில்லிமீட்டரை எண்ணிக்கொண்டு பழைய படத்தை அளந்தால் நிலையமே ஒன்றரை மடங்குக்கு மேல் பெருத்துவிடும். ஆழித்தேருக்கும் இதே எச்சரிக்கை. பழைய தேர் 1920களில் தீக்கிரையாகி, மீண்டும் செய்யப்பட்டு 1930இல் ஓடிற்று. இடையில் பல ஆண்டுகள் நின்றிருந்து 1970இல் மறுபடியும் ஓடலாயிற்று. இப்போதுள்ள இரும்புச் சக்கரங்கள் திருச்சி பாரத மிகுமின் நிறுவனத்தின் வேலைப்பாடு. இன்றைய சக்கரத்தை அளந்து, பழைய தேர்ப் படத்துக்கு விகிதம் பிடிப்பது பிழை. அன்றியும் 96 அடி என்று நாம் பெருமையாகச் சொல்லும் உயரம், மூங்கிலும் துணியும் கட்டி அலங்கரித்த பிறகு வருவது. மரத்தேர் மட்டுமே நிலையான அளவுடையது.

ஆப்கானிஸ்தானத்துப் பாமியானில் 53 மீட்டர் உயரமுள்ள புத்தர் சிலை 2001இல் தகர்க்கப்பட்டபின், சூரிக் நகரத்துத் தொழில்நுட்பக் கழகத்தார் புகைப்படங்களைக்கொண்டே அதன் உருவத்தைக் கணினியில் அமைத்தனர். இணையத்தில் கிடைத்த படங்கள், சுற்றுலாப் பயணிகள் எடுத்த படங்கள், 1970இல் கோஸ்ட்கா என்ற பேராசிரியர் அளப்பதற்கென்றே எடுத்த சில படங்கள் ஆகிய மூன்று வகையையும் தனித்தனியே சோதித்தனர். நுட்பமான உருவத்தைத் தந்தவை அளப்பதற்கென்று எடுத்த படங்களே.

வரைந்ததைத் தாளில் அச்சிடும்போது ஒரு கவனம் வேண்டும். பத்தில் ஒரு பங்கு என்று விகிதம் வைத்து அச்சிட்டாலும், தாளுக்குள் அடக்குவதற்காக அச்சுப்பொறி தானே சற்றுச் சுருக்கிவிடுவது உண்டு. தாளின் அடியில் 10 சென்டிமீட்டர் நீளக் கோடு ஒன்றையும் சேர்த்து வரைந்து, அச்சானதும் அளவுகோலை அதன்மேல் வைத்துப் பாருங்கள். 9.6 இருந்தால் அத்தாளைத் தச்சர் கையில் கொடுக்கலாகாது. எண்களையும் ஒவ்வொரு கோட்டின்மேலும் எழுதிவிடுங்கள். தச்சர் எண்ணைப் படித்தே அறுக்கட்டும், தாளின்மேல் நாடா வைத்து அளக்க வேண்டாம். மூலப் படத்தையும், நாடாவால் அளந்த சீட்டையும், வரைந்த தாளையும் ஒரே உறையில் இட்டு, எடுத்த நாளும் ஊரும் எழுதிச் சங்க அலுவலகத்தில் வைப்பது நல்லது. மூன்றில் ஒன்று தொலைந்தாலும் மற்ற இரண்டைக்கொண்டு சரிபார்க்க முடியாது.

அந்தத் தறியின் அளவுப்படத்தை நான் மறுபடியும் வரைந்தேன். இம்முறை அவ்வூருக்கு நானே பேருந்தில் சென்று, மீட்டர் சட்டத்தைப் படமரத்தில் ஒரு முறையும், அச்சுச் சட்டத்தில் ஒரு முறையும் வைத்து இரண்டு படங்கள் எடுத்தேன். தாளில் அச்சு அமரும் இடத்தின்மேல் 55 என்ற எண் சிவப்பு மையில் இருக்கிறது.